கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும்

கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்கள், ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னாருக்கு இவ்வளவு என்று வாசற்படி ஏறும்போதே மனத்துக்குள் விதித்துவிட்டு, உரிமையோடு உள்ளே வந்து உட்காருகிறார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையைப் பெற்றவர்களோ, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி நடத்தப் பணம் வேண்டும் என்று அதே வாசலில் வந்து நிற்கும்போது, ஏதோ குற்றம் செய்தவர்களைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கைப்பேசியிலிருந்து பிள்ளையின் படத்தை எடுத்துக் காட்டி, நம் கண் கலங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அனுதாபம் பிறந்தால்தான் பணம் பிறக்கும் என்று உலகம் அவர்களுக்குப் போதித்து வைத்திருக்கிறது. ஆயினும், சென்ற அறுபது ஆண்டுகளில் இத்தகைய குடும்பங்கள் பணம் திரட்டிய சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. பணம் எப்படிக் கேட்கப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அது எங்கே போய்ச் சேரும் என்பதும் பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது. பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டுத் திரட்டிய பணம் பள்ளிக்கூடமாயிற்று; பயத்தைக் காட்டித் திரட்டிய பணம் அந்தப் பயத்துக்கு மருந்து தேடிக்கொண்டு போயிற்று.

பெற்றோரின் கூச்சத்திற்கு ஒரு பூர்வ கதை உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் மனநல வைத்தியராயிருந்த லியோ கானர், 11 குழந்தைகளை நெடுநாள் கவனித்து 1943-ல் வெளியிட்ட கட்டுரையின் மூலமாகவே ஆட்டிசம் என்ற தனி நிலை ஆங்கில மருத்துவ உலகத்திற்கு அறிமுகமாயிற்று. அதே கானர் பின்னர், இக்குழந்தைகளின் பெற்றோர் பாசத்தின் வெம்மை குன்றியவர்கள் என்ற பொருள்படப் பேசப்போக, அந்தப் பேச்சு கிளைவிட்டு வளர்ந்து, தாயின் பாராமுகமே பிள்ளையின் நிலைக்குக் காரணம் என்னும் சித்தாந்தமாக உருவெடுத்தது. சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய புத்தகம் அந்த அபவாதத்தைப் படித்தவர் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1969-ல் பெற்றோர்கள் கூடியிருந்த ஒரு மகாநாட்டில் கானரே எழுந்து நின்று, அவர்கள்மீது குற்றமில்லை என்று சொல்லி அவர்களை விடுவித்தார். ஆனால், தீர்ப்பு திருத்தப்பட்ட செய்தி எங்கும் தீர்ப்பளவுக்குப் பரவுவதில்லை. 'போனைக் குடுத்துக் குடுத்தே பிள்ளையைக் கெடுத்துட்டா' என்று இன்றைக்கு நம் தெருவில் ஒரு தாயைச் சுட்டும் விரலும் அந்தப் பழைய விரலின் வம்சந்தான்.

இவ்வாறு பழி சுமந்து நின்ற காலத்தில்தான், 1962-ஆம் ஆண்டில், லண்டனில் சில பெற்றோர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி என்ற பெயரோடு பிரிட்டனில் பெரிய ஸ்தாபனமாக விளங்குவது அதுவே. அவர்களில் ஹெலன் அலிசன் என்ற தாய், அதற்கு முந்திய ஆண்டிலேயே பி.பி.சி.யின் பெண்கள் நிகழ்ச்சியில் தம் மகனைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். லோர்னா விங் என்ற மற்றொரு தாய், தாமே மனநல வைத்தியராக இருந்தும், தம் மகளுக்கு ஆட்டிசம் உண்டென்று தெரிந்தபோது, என்ன செய்வதென்று சொல்லுவார் எவரும் இன்றித் திகைத்து நின்றவர். அக்காலத்து ஆங்கிலேயச் சட்டத்தில் 'கல்வி புகட்ட இயலாத குழந்தைகள்' என்று ஒரு வகுப்பு இருந்தது. அந்த வகுப்பில் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டால் கல்வி இலாகாவின் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. ஆகவே, இந்தப் பெற்றோர்கள் பணம் கேட்கப் புறப்பட்டபோது அவர்கள் கேட்டது மிகவும் குறிப்பானது, சாதாரணமானதுங்கூட: எங்கள் பிள்ளைகள் போய்ப் படிக்க ஒரு பள்ளிக்கூடம்.

சிபில் எல்கர் என்ற ஆசிரியை, லண்டனில் தம்முடைய வீட்டின் நிலவறையில் இத்தகைய பிள்ளைகள் சிலரை வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் டாக்டர் பட்டம் எதுவும் இல்லை. மாண்டிசோரி முறையில் பயின்றவர் என்பதும், நிதானம் இழக்காதவர் என்பதும், ஒவ்வொரு நாளும் இன்ன நேரத்தில் இன்ன காரியம் என்ற ஒழுங்கு மாறினால் இப்பிள்ளைகள் தவித்துப்போவார்கள் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டவர் என்பதுமே அவருடைய தகுதிகள். வைத்தியர்கள் கைவிட்ட பிள்ளைகள் அவரிடம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதைக் கண்ட பெற்றோர்கள், திரட்டிய பணத்தைக் கொண்டு 1965-ல் ஈலிங் பகுதியில் ஒரு பள்ளியைத் திறந்து அவரையே அதற்குத் தலைமை ஏற்கச் செய்தார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியும் என்பதற்கு அதன்பின் வாதம் தேவைப்படவில்லை. சந்தேகப்பட்ட அதிகாரி ஈலிங்குக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1970-ல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டில் அமலுக்கு வந்த சட்டத்தால், கல்விக்கு அப்பாற்பட்ட குழந்தை என்று எவருமே இல்லை என்பது இங்கிலாந்தில் ஸ்தாபிதமாயிற்று. அந்தச் சட்டத்துக்கு இந்த ஒரு சங்கமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் கண்முன் ஒரு பள்ளி நடந்துகொண்டிருக்கையில், அது நடக்காது என்று சட்டசபையில் பேசுவது கடினம்.

இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். குழந்தையின் படத்தைப் பார்த்து உருகுகிற மனசு, ஆறடி உயரத்தில் மீசை அரும்பி நிற்கிற ஓர் இளைஞன் பேருந்து நிலையத்தில் கைகளை உதறிக்கொண்டு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவதைப் பார்த்தால் உருகுவதில்லை. இரண்டடி தள்ளி நிற்கிறது. பரிதாபத்தை மூலதனமாக வைத்து நடக்கிற தருமம் அனைத்தும் தோல்வியுறுகிற இடம் இது. லண்டன் பெற்றோர்களோ, பள்ளி வயது கடந்த தங்கள் பிள்ளைகள் எங்கே வாழ்வார்கள், என்ன வேலை செய்வார்கள், தங்கள் காலத்துக்குப் பின் யார் துணை என்று கேட்டு, மறுபடியும் பணம் திரட்டி, 1974-ல் சாமர்செட் பிரதேசத்தில் வயது வந்தவர்கள் கூடி வாழ்வதற்கென்று ஓர் இல்லத்தை ஏற்படுத்தினார்கள். 2009-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆட்டிசத்திற்கென்றே தனியாக ஒரு சட்டம் செய்தபோது, அது முக்கியமாக எடுத்துக்கொண்டதும் வயது வந்தவர்களின் விஷயத்தைத்தான்.

அந்தச் சங்கத்தார் அனைவரும் தவறே செய்யாத மகான்கள் என்று நான் சொல்லவில்லை. 1963-ல் அவர்கள் தேர்ந்தெடுத்த சின்னம், ஒரு புதிர் விளையாட்டின் துண்டும் அதற்குள் அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையும். பள்ளி கட்டுகிற கைகளே அழுகிற குழந்தையையும் வரைந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அனுதாபம் என்கிற கருவியை அறவே கைவிடுவது எவ்வளவு சிரமமான காரியம் என்பது தெரியும். அந்தச் சங்கம் பின்னாளில் அச்சின்னத்தை விட்டுவிட்டது. மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கப் பெற்றோர்களின் சங்கத்தை, தாய்மார்மீது சுமத்திய பழியைத் தகர்த்து 1964-ல் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட் முதலியோர் 1965-ல் தொடங்கினார்கள். ஆனால், பணம் திரட்டும் கலையில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த குடும்பம் அதற்கு 40 ஆண்டுகள் பின்னால் வந்தது. என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த பாப் ரைட்டும் அவருடைய மனைவி சுஸானும், தங்கள் பேரனுக்கு ஆட்டிசம் உண்டென்று தெரிந்ததும், 2005-ல் 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். ஹோம் டிப்போ என்னும் பெருவணிகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான பெர்னி மார்கஸ் முதற்கொடையாக இரண்டரைக் கோடி டாலர் வழங்கினார். ஊர் ஊராக நடைப்பயணங்கள் நடந்தன. எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஏப்ரல் மாதத்தில் நீல விளக்கொளியில் குளித்தது. 2006-ல் அமெரிக்க அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. தெரபிச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்க வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டங்கள் வந்தன. ஏப்ரல் 2-ஆம் நாளை உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் 2007-இன் இறுதியில்தான். ஒரு பேரனுக்காகப் பாட்டனும் பாட்டியும் செய்த பிரயாசை இது என்று நினைக்கையில் தலைவணங்கத்தான் தோன்றுகிறது.

தலைவணங்கிய பிறகு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2009-ல் அந்த ஸ்தாபனம் வெளியிட்ட ஒரு படத்தில், ஆட்டிசமே ஒரு பூதம்போலக் குரலெடுத்துப் பேசி, குடும்பங்களைக் குலைப்பேன், உறக்கத்தைப் பறிப்பேன் என்று மிரட்டிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மையம், பிள்ளையைக் கடத்திக்கொண்டு போனவன் எழுதும் மிரட்டல் கடிதத்தின் பாணியில், 'உன் மகன் எங்களிடம் இருக்கிறான்' என்பதுபோன்ற விளம்பரங்களை நகரெங்கும் ஒட்டியிருந்தது. இரண்டையும் எதிர்த்துக் கிளம்பியவர்களில் முன்னின்றவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே. நாங்கள் கடத்தப்படவில்லை, இதோ உங்கள் எதிரில்தான் நிற்கிறோம் என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். கடித விளம்பரங்கள் சில வாரங்களிலேயே திரும்பப் பெறப்பட்டன. அவ்வளவு பயத்தை மூட்டித் திரட்டிய பணத்தில் கணிசமான பாகம், நாளையேனும் இப்படிப் பிள்ளைகள் பிறவாதிருக்க வழி தேடுகிற ஆராய்ச்சியை நோக்கிப் போனதில் வியப்பில்லை. கொடுத்தவர்கள் அதற்காகத்தானே கொடுத்தார்கள்? 2016-ல் அந்த ஸ்தாபனம் தன் லட்சிய வாசகத்திலிருந்து 'குணப்படுத்துதல்' என்ற பேச்சை நீக்கிக்கொண்டது.

இனி, நம்முடைய தேசத்துக்கு வருவோம். டெல்லியில் மெர்ரி பரூவா என்ற தாய் தம் மகனை முன்னிட்டு 1991-ல் ஆரம்பித்த 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பும், அதைப்போலப் பெற்றோர்கள் ஆங்காங்கே தொடங்கிய சிறு பள்ளிகளும் இல்லாவிட்டால், இங்கே ஆட்டிசம் என்ற சொல்லே சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்திருக்குமா என்பது சந்தேகம். 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அது இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் பெற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஒன்றாயிற்று. அந்தச் சட்டப்படி, வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை எழுந்து, வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று வேனுக்குக் காத்திருக்கும், வேன் வராது. ஒழுங்கு மாறினால் தவித்துப்போகிற பிள்ளைக்கு அதை எந்தச் சட்டப் பிரிவைக் காட்டி விளக்குவது?

இப்போது நம் ஊர்களில் நிதி திரட்டுவதற்கு விழா எடுக்கிறார்கள். ஒரு விழா எப்படி நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். கல்யாண மண்டபத்தின் மேடையில் குத்துவிளக்கு. கூம்பு ஒலிபெருக்கி போதாதென்று ஆளுயரப் பெட்டிகள் இரண்டு. வரவேற்புரைக்கும் வாழ்த்துரைக்கும் நடுவே பொன்னாடைகள். பிரமுகர் கையில் கதவளவு நீளத்தில் ஓர் அட்டைச் செக். யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அந்தச் சிறுவன், முதல் 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்ற சப்தத்திலேயே இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டான். படம் எடுக்கிறவர் அவசரப்படுகிறார், 'தம்பி, இங்கே பாரு, இங்கே பாரு' என்று நான்கு பேர் கூப்பிடுகிறார்கள், அவன் பார்க்கவில்லை. தகப்பனார் அவன் மணிக்கட்டுகளை மெல்லப் பிடித்துக் காதிலிருந்து விலக்கியபோது அவன் அலறியதையும், முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் 'ஐயோ பாவம்' என்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டதையும் ஒருசேரக் கண்டவர்களுக்கு, இந்தக் காசில் எத்தனை சதம் அவன் கொடுத்த விலை என்று கேட்கத் தோன்றாமலிராது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டால் அவன் வெளியே வந்திருப்பான். விழிப்புணர்வு விழாவிலேயே அந்த அளவு விழிப்பு இல்லை என்றால், அந்த விழா எதற்கு?

குடும்பங்களின் நிர்ப்பந்தம் எனக்குத் தெரியாததல்ல. இத்தகைய ஒரு வீட்டின் செலவுக் குறிப்பேட்டைப் புரட்டினால், ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேட்டர், ஆட்டோச் சத்தம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள்; எழுதப்படாத பெரிய செலவு ஒன்று உண்டு, அது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் விட்டுவிட்ட உத்தியோகம். 'ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசுவான், அவன் சித்தப்பாகூட அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தான்' என்று உறவுக்காரர்கள் ஆறுதல் சொல்லிச் சொல்லியே, பயிற்சி தொடங்க ஏற்ற ஆரம்ப வருஷங்கள் ஓடிப்போயிருக்கும். அப்படிக் களைத்துப்போனவர்களிடம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிள்ளை பேசிவிடுவான் என்று ஒருவன் வந்து சொன்னால், நகையை அடகு வைத்தோ, ஊராரிடம் திரட்டியோ கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறார்கள். ஆட்டிசத்திற்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பயத்தின் பேரால் திரட்டிய பணம் மருந்து தேடிப் போகும் என்று முன்னே சொன்னேன். அமெரிக்காவில் அது ஆராய்ச்சிக்கூடத்துக்காவது போயிற்று, இங்கே ஊசி போடுகிறவனின் மேஜைக்குப் போகிறது.

பரிதாபம் காட்டாவிட்டால் எவன் பணப்பையைத் திறப்பான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், பரிதாபத்தால் கொடுக்கிறவன் ஒரு தடவை கொடுக்கிறான். கொடுத்தவுடன் அவன் மனபாரம் இறங்கிவிடுகிறது, அத்தோடு கணக்குத் தீர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கோ மாதாமாதம் முதல் தேதியில் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு சிறப்பாசிரியையின் ஓராண்டுச் சம்பளம் இவ்வளவு, கட்டடத்துக்கு வாடகை இவ்வளவு, இத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், உங்களால் எதை ஏற்றுக்கொள்ள முடியும் என்று கோயில் கமிட்டியார் கேட்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டால், கொடுக்கிறவனும் தன்னை ஓர் உபகாரியாக நினைக்காமல் பங்காளியாக நினைக்கத் தொடங்குகிறான். பிள்ளையின் படத்தைக் காட்டக்கூடாதா என்றால், தாராளமாகக் காட்டலாம். அவன் தன் விருப்பமான காரியத்தைச் செய்துகொண்டிருக்கிற படமாக, அவனே முப்பது வயதில் பார்த்தால் கூசாத படமாக இருக்கட்டும்.

பெற்றோர்கள் இவ்வளவும் செய்கிறார்களே என்று அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. லண்டனில் பெற்றோர்கள் கட்டிய பள்ளி, அரசு தன் கடமையை உணர்வதற்கு முன்மாதிரியாயிற்று. இங்கேயோ, பெற்றோர்கள் நடத்துகிற பள்ளியைக் காட்டி, அதுதான் இருக்கிறதே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயது வந்த பிள்ளைக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழு இருக்கிறது. காகிதத்தில் காப்பாளர் கிடைப்பார். அந்தக் காப்பாளரும் மூப்படைந்த பிறகு, பிள்ளை உறங்கி எழுந்து, குளித்துச் சாப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்து வாழ்வதற்கு இடம் வேண்டும். பள்ளிகளை நடத்தும் அமைப்புகளோடு ஒப்பிட்டால், நம் நாட்டில் அத்தகைய இல்லங்கள் மிகவும் சொற்பம். பெற்றோர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போதெல்லாம், 'நமக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பா?' என்ற ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆகவே, இந்த ஏப்ரலிலோ அடுத்த ஏப்ரலிலோ ஒரு குடும்பம் உங்கள் வாசலுக்கு வந்தால், உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள். படத்தைக் காட்டி உருக வைக்கும் சிரமத்தை அவர்களுக்கு வைக்காதீர்கள். ஒரே தடவையில் பெருந்தொகை கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிறுதொகையாகக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். வருமான வரிச் சலுகைக்காக 80ஜி ரசீது கேட்டு வாங்குகிறோமே, அதே கவனத்தோடு, பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கு உங்கள் பள்ளியில் என்ன ஏற்பாடு என்றும் தவறாமல் கேளுங்கள்.